பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, மனசு மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது

உளிச்சத்தம்:

எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தச்சன், தேவகோட்டைப் பக்கம். பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் 13 வருடமாக நான் கோவிலுக்குப் போனது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும்தான். பிப்ரவரியில் அருளானந்தர் வேதசாட்சியாக உயிர்விட்ட ஓரியூருக்குப் போனாலும் அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்துவிடுவேன், பூசைக்கு நிற்க மாட்டேன். காரணம் இதுதான்.

2012இல், மழைக்கு முன்னால், ஒரு செட்டியார் வீட்டில் கூரைக் கைமரம் மாற்றுகிற வேலைக்கு மேஸ்திரியோடு போனேன். அப்போது எனக்கு 23 வயது. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, அப்படிப்பட்ட வீடு. அதில் ஆச்சி ஒருத்தர் மட்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி புழங்கியது அடுப்படியும் இரண்டாங்கட்டில் ஒரு அறையும்தான், மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தது. பதினோரு மணிக்கு அவரே மோர் கொண்டுவந்து, "வெயில்ல மேல நிக்கிறியேப்பா, இறங்கிக் குடிச்சிட்டுப் போ" என்பார். அப்படி இறங்கிய ஒரு நாள் சுவரலமாரி திறந்திருந்தது. உள்ளே வெள்ளிச் செம்பு. எடுத்துச் சாமான் பைக்குள் போட்டுத் துண்டைச் சுற்றிவிட்டேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

செம்பின் கழுத்தில் அந்த வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள், வெட்டியிருந்தது, மூன்று எழுத்து. அப்படியே விற்க முடியாது என்று பட்டறையில் இரவு உட்கார்ந்து அரத்தால் தேய்த்தேன். முதல் எழுத்து சீக்கிரம் போய்விட்டது, மூன்றாவது ஆழமாக வெட்டியிருந்ததால் வெகு நேரம் பிடித்தது. வெள்ளித் தூள் முழங்காலில் விழுந்து கைலியில் ஒட்டிக்கொண்டது, தட்டத் தட்டப் போகவில்லை. 300 கிராம் இருக்கும். பழைய சாமான் வாங்குகிற ஒருவர் 11,000 ரூபாய் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஆச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் வேலை பார்த்த ஒரு அம்மாவையும் செம்பு போனதற்கப்புறம் நிறுத்திவிட்டார்கள், அது ஒரு தனி வருத்தம்.

இந்த வருடம் என் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வகுப்புக்காகப் பத்துக் கட்டளையை அடுப்படியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்வாள். ஒவ்வொரு தடவையும் "களவு செய்யாதிருப்பாயாக" என்று அவள் குரல் வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தாங்காமல் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேறொரு ஊர்க் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அதாவது அங்கே இருந்த சாமியாரிடம் என் பாவத்தைச் சொன்னேன். பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தது, சாமி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். சாமி கோபப்படவில்லை. செபமாலை சொல்லச் சொன்னார், அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வழி பார் என்றார், மன்னிப்பு கொடுத்தார்.

அப்புறம் இறை இரக்க ஞாயிறு வந்தது. கடவுளின் இரக்கத்துக்கு முன்னால் எந்தப் பாவமும் பெரிசில்லை என்று பிரசங்கம். பக்கத்தில் எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள், எனக்கு ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஆண்டவர் என்னை மன்னித்தாரா இல்லையா? மன்னித்திருந்தால் இந்த அரிப்பு ஏன்? ஆச்சியே இல்லாதபோது யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

சங்கீதம்51:

தம்பி, நான் காரைக்குடி, சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் சபை. நம் இரண்டு பேர் வழக்கத்திலும் வித்தியாசம் உண்டு, நாங்கள் பாவத்தை நேரே கர்த்தரிடம் அறிக்கையிடுகிறவர்கள். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மன்னித்துவிட்டார். 1 யோவான் 1:9ஐ எடுத்து வாசி. அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று இருக்கிறது. உன் மனசுக்கு எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்து மன்னிப்பார் என்று அதில் இல்லை.

லூக்கா 15இல் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகன் கதையை நூறு தடவை கேட்டிருப்பாய், ஒன்றை மட்டும் கவனித்தாயா என்று தெரியவில்லை. பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து அவன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். பாவம் செய்தேன், உம் மகன் என்று சொல்ல லாயக்கில்லை, உம் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று மூன்று வரி. வீட்டுக்கு வந்து முதல் இரண்டு வரியைச் சொல்கிறான். மூன்றாவது வரி வாயில் வருவதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டுச் சட்டை கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிடுகிறார். கூலி பேசவே விடவில்லை. நீ இன்னும் அந்த மூன்றாவது வரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. என் அப்பா ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதியவர். கடன் தீர்ந்தால் புரோநோட்டில் கையெழுத்துப் போட்ட இடத்தைக் கிழித்துக் கடன்பட்டவர் கையிலேயே கொடுப்பார்களாம். பத்து வயதுப் பையன் வந்தாலும் அவன் கண் முன்னால் கிழிக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு. கொலோசெயர் 2:14இல் பவுல் சொல்வது அதேதான், நமக்கு எதிராக இருந்த "கையெழுத்தை" எடுத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வரும். சின்ன வயதில் எனக்கு அந்த வசனம் புரிந்ததே அப்பாவின் கடையை வைத்துத்தான்.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன கதையில் ராஜா தன் ஊழியனுக்குத் தள்ளுபடி செய்கிற கடனைக் கணக்குப் போட்டுப் பார். 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி! ஒரு ஆள் வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம். அதைத் தள்ளுபடி செய்தவருக்கு உன் 300 கிராம் வெள்ளி எம்மாத்திரம்.

வெட்டிப்பேச்சு:

மன்னிக்கவும், எனக்கு இதில் எப்போதுமே ஒரு எரிச்சல் உண்டு. செய்வதை எல்லாம் செய்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழந்தாள் போட்டால் முடிந்துவிட்டதா? திருடியது ஆச்சியிடம், மன்னிக்கிறது இன்னொருத்தர். என் சைக்கிளை நீ எடுத்தாய் என்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து "போனால் போகுது" என்று சொல்ல அவர் யார்? எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார், எல்லாத் தவக்காலத்திலும் காவி, எல்லா வைகாசியிலும் பழைய குருடி கதவைத் திறடி. நண்பரைப் பரிகாசம் செய்யவில்லை, அவர் மனசு உறுத்துகிறது என்பதே நல்ல ஆள் என்று காட்டுகிறது. ஆனால் அந்த உறுத்தலைச் சீக்கிரம் அமர்த்திவிட எல்லாரும் முண்டியடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சருகணிக்காரன்:

வெட்டிப்பேச்சு தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், அதைக் கேட்ட முதல் ஆளும் அவர் இல்லை. நாற்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்தவன் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் என்றால் தொட்டியில் போய்ச் சொல்வது மட்டும் என்று நம் ஆட்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1551இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இந்த அருட்சாதனத்துக்கு மனஸ்தாபம், பாவத்தைச் சொல்லுதல், பரிகாரம் என்று மூன்று பங்கு உண்டு என்று எழுதிவைத்தது. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணைப் பாருங்கள். பாவ மன்னிப்பு பாவத்தை எடுத்துவிடும், ஆனால் அந்தப் பாவம் உண்டாக்கிய குளறுபடி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைத் திருத்து என்கிற பொருளில் இருக்கும். ஆக எதிர்வீட்டுக்காரர் யாரும் சைக்கிளைத் தானம் செய்யவில்லை. சைக்கிள் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும்.

பைபிளில் எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இன்னும் பழசு. பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்கிறது. ஆள் இல்லை, வாங்கிக்கொள்ள உறவும் இல்லை என்றால் ஆண்டவருக்கு, அதாவது குருவிடம் கொடு என்கிறது. ஆச்சி இல்லையே என்று நீ கேட்டதற்கு மூவாயிரம் வருடப் பதில் இது. ஆனால் ஆச்சிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் உண்டியல் உனக்கு வழி இல்லை. பேர் சொல்லப் பயமாக இருந்தால் சாமியார் மூலமாகக் கொடுக்கலாம், அது ரொம்ப நாள் வழக்கம். அவர் வாயிலிருந்து உன் பேர் வராது. தொட்டியில் கேட்டதை வெளியே சொன்ன குருவானவர் அந்த நிமிடமே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார், சட்டம் அவ்வளவு கடுமை. 11,000த்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதே. வெள்ளியை வெள்ளியாகவே கணக்குப் பார், 300 கிராம், மேலே ஐந்தில் ஒரு பங்கு.

இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் மனம் திரும்பிய நல்ல கள்ளன் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று அடுத்து யாராவது வருவார்கள். அவன் கையில் ஆணி அடித்திருந்தது. உன் கை சும்மாதானே இருக்கிறது.

அது இருக்கட்டும், உன் பதிவில் ஒரு வரி எனக்கு இடிக்கிறது. வேலை பார்த்த அம்மாவை நிறுத்திவிட்டார்கள், அது தனி வருத்தம் என்று ஓரமாக எழுதிவிட்டுப் போய்விட்டாய். மூன்றாவது எழுத்தைத் தேய்த்ததை அவ்வளவு விலாவாரியாக எழுதினவன் இதை ஒரே வரியில் முடித்திருக்கிறாய். செம்பு காணோம் என்று தெரிந்த அன்று ஆச்சி உன்னிடம் ஏதாவது கேட்டாரா? கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய்?

உளிச்சத்தம்:

அண்ணே, இதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

கேட்டார். மேஸ்திரி, நான், இன்னொரு பையன், மூன்று பேரையும் முகப்பில் நிற்க வைத்துத்தான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "யாரும் அந்தப் பக்கம் போனீகளாப்பா?" என்று மட்டும். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாங்க மேலயே நின்னோம் ஆச்சி, அந்தக்கா மட்டும்தான் அலமாரியத் துடைச்சிட்டு இருந்துச்சு" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அந்த அக்கா தூணுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, ஆச்சியைத்தான் பார்த்தது. 18 வருடம் அந்த வீட்டில் வேலை பார்த்த ஆள். போலீசுக்கெல்லாம் போகவில்லை, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் எந்த வளவிலும் அதற்கு வேலை கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தொட்டியில் இதை நான் சொல்லவில்லை. செம்பு எடுத்ததைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, திருட்டைச் சொல்வதற்கே இவ்வளவு கூசுகிறதே, இதையும் எப்படி என்று விழுங்கிவிட்டேன். என் மகள் அடுத்த கட்டளையை, "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பதைச் சொல்லும்போது நான் ஏற்கெனவே வெளியே போயிருப்பேன், அதனால் அது என் காதில் விழுந்ததே இல்லை. இதை எழுதும்போதுதான் புரிகிறது.

இரண்டாங்கட்டு:

நான் கிறிஸ்தவர் இல்லை, நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டுப் பெண். உங்கள் வேதத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த முகப்பின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு தடவை வைரத்தோடு காணாமல் போனது. சந்தேகம் விழுந்தது சமையலுக்கு இருந்த அம்மா மேல். யாரும் வாய் திறந்து நீ எடுத்தாய் என்று சொல்லவில்லை, எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள், சாவிக்கொத்தை இடம் மாற்றி வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குப் புரிந்து, ஒரு வாரத்தில் தானே நின்றுகொண்டார். ஒன்றரை வருடம் கழித்து, என் அத்தை கல்யாணத்துக்குச் சாமான் அறையைத் திறந்தபோது ஒரு எனாமல் டப்பாவுக்குள் பழைய பஞ்சில் சுற்றித் தோடு இருந்தது. அப்பத்தாவே வைத்து மறந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், கோவிலுக்கு அர்ச்சனை. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், யார் போவது என்று விட்டிருப்பார்கள். எனக்கு அப்போது 14 வயது. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது நான் சொல்லிவிட்டேன், "தோடு கிடைச்சிருச்சு" என்று. அவர் சிரித்தார். "அப்பத்தா சொல்லச் சொன்னாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி தாயி என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு 30 வருடமாக என்னிடம் பதில் இல்லை.

அதனால் சொல்கிறேன், ஆச்சி வீட்டுப் பிள்ளைகளுக்கு 300 கிராம் வெள்ளி வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள். அந்த அக்கா மறந்திருக்காது. போகும்போது பழம், புடவை, கவர் என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள். பணத்தை முதலில் நீட்டினால் வாயை அடைக்க வந்திருக்கிறாய் என்றுதான் தோன்றும்.

சங்கீதம்51:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் பதிலைத் திரும்பப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். வெட்டிப்பேச்சு சொன்ன முண்டியடிக்கிற ஆள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உனக்கு வேறொரு பயம் வரும், எல்லாவற்றையும் ஈடுகட்டி முடித்தால்தான் கர்த்தர் முகம் கொடுப்பார் என்று. அந்தப் பக்கமும் போய்விடாதே. யூதாசைப் பார். 30 வெள்ளிக்காசையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். மத்தேயு 27இல் இருக்கிறது. அறிக்கையும் ஆயிற்று, ஈடும் ஆயிற்று, ஆனால் போக வேண்டிய ஆளிடம் போகவில்லை, நேரே கயிற்றிடம் போனான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை, அழுதான், அப்புறம் படகிலிருந்து குதித்து நீந்திக் கரைக்கு வந்தான்.

கரைக்கு வந்தவனுக்கு என்ன நடந்தது என்பதுதான் உனக்கு. யோவான் 18இல் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தது ஒரு கரிநெருப்புப் பக்கத்தில். 21இல் உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார், அங்கேயும் கரிநெருப்பு. கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. மூன்று தடவை இல்லை என்று சொன்னவனை அதே மாதிரி நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, மற்ற சீஷர்களும் அங்கே இருக்க, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் முதலில் சாப்பாடு போட்டார், அப்புறம்தான் கேட்டார், அந்த வரிசையைக் கவனி.

வரி வசூலித்த சகேயு கதையும் அதே வரிசைதான். நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னது, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு மரத்தடியில் நின்று கூப்பிட்டதற்கு அப்புறம்.

சருகணிக்காரன்:

மூன்று நாள் கழித்தாவது எழுதினாயே, அது பெரிய காரியம். உன் பதிலைப் படித்தபோது நான் எங்கள் ஊரில் முன்பு பங்குச்சாமியாக இருந்த லெவே சாமி கல்லறைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், போனை மடக்கி வைத்துவிட்டு உனக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

இனிமேல் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றை நிஜமாகவே மறந்துபோனால் அதுவும் சேர்ந்து மன்னிக்கப்படுகிறது, அடுத்த தடவை நினைவு வரும்போது சொன்னால் போதும். வேண்டுமென்றே ஒரு சாவான பாவத்தை விழுங்கினால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. உன் மனசு அடங்காததற்குக் காரணம் ஆண்டவருடைய இரக்கம் குறைந்துபோனது இல்லை, நீ பாதியைத்தான் நீட்டினாய். கையை மூடிக்கொண்டு வைத்தியரிடம் காட்டினால் அவர் எதைக் கட்டுவார்? திரும்பப் போ. அதே சாமியாரிடம்தான் போக வேண்டும் என்று இல்லை, முன்னால் செய்தது செல்லாது, மறைத்துவிட்டேன் என்று மட்டும் முதலில் சொல்லிவிடு, மற்றதை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். நான் பார்த்த வரைக்கும் இப்படி இரண்டாவது தடவை வருகிறவர்களைச் சாமியார்கள் கடிந்துகொள்வதில்லை.

அந்த அம்மா விஷயம். மறைக்கல்வியில் 2487ஆம் எண். நீதிக்கும் உண்மைக்கும் எதிராகச் செய்த குற்றத்தை, மன்னிப்பு கிடைத்த பிறகும்கூட, ஈடுசெய்தே ஆக வேண்டும், பெயரைக் கெடுத்திருந்தால் அதற்கும் சேர்த்து. வெளிப்படையாகச் செய்ய முடியாத இடத்தில் ரகசியமாகவாவது செய்ய வேண்டும். உனக்கு அந்த இரண்டாவது சலுகை பொருந்துமா என்று யோசி. நீ அந்தப் பேச்சைப் பேசியது நாலு பேர் நின்ற முகப்பில்.

இரண்டாங்கட்டு ஆச்சி சொன்னதை அப்படியே செய். வேதம் தெரியாது என்றார், மத்தேயு 5இல் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று.

இரண்டாங்கட்டு:

ஆச்சி என்று சொல்லி என்னைக் கிழவி ஆக்கிவிட்டீர்கள் அண்ணே. பரவாயில்லை.

வெட்டிப்பேச்சு:

உளிச்சத்தம், நான் முதலில் எழுதியதில் சூடு கொஞ்சம் அதிகம். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 2012இல் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும், வீட்டுக்குள் திருடியதற்கு 380ஆம் பிரிவு, 7 வருடம் வரைக்கும். 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, 13 வருடம் ஆயிற்று, ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். பயமுறுத்த எழுதவில்லை. பிள்ளை குட்டி உள்ளவர், ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். போகாமல் இருக்க இதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உளிச்சத்தம்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா.

மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்தேன், இந்தத் தடவை எங்கள் பங்குச்சாமியிடமே. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த அம்மா உயிரோட இருக்காங்கல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அது பெரிய கொடுப்பினை" என்றார். வக்கீலிடமும் பேசினேன், அவர் போக வேண்டாம் என்றார். போனேன்.

அந்த அக்காவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, ஆறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்திருக்கிறது இத்தனை வருடமும். மகன் வீடு, ஓடு வேய்ந்த இரண்டு அறை. முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. பழம், பை எதுவும் எடுத்துப் போகவில்லை. யார் என்று அதற்குத் தெரியவில்லை. கைமரம் மாற்ற வந்த பையன் என்றேன், அப்போதும் தெரியவில்லை. செம்பை எடுத்தது நான்தான் அக்கா என்றேன். அதன் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டது ஒன்றே ஒன்று, "ஆச்சி சாகுறப்ப இது தெரியாதுல்ல?" தெரியாது என்றேன். "நான் எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி அரிசியில் கையை விட்டது. நான் மன்னிச்சிருங்க என்று சொல்லத்தான் போனேன். அதன் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்கிற தைரியம் வரவில்லை, கேட்கவும் இல்லை.

ஆச்சியின் மூத்த மகன் மாசியில் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு ஊருக்கு வருகிறார், பங்காளிகள் எல்லாரும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் கூடுவார்கள். வெள்ளிக்கான பணம் தயாராக இருக்கிறது, மேலே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, அதை அன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "பணம் குடுக்குறது உன் பாடு, அவுக பாடு. நானும் வர்றேன். அதே முகப்புல, நான் நின்ன தூணுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே சத்தமா சொல்லு" என்றது.

வரும்போது கவனித்தேன், அந்த வீட்டுக் கதவு கீழ்க்கீல் விட்டுப்போய்த் தரையில் இழுத்துக்கொண்டிருந்தது. பையில் திருப்புளி இருந்தது, பத்து நிமிட வேலை. சரிபண்ணித் தரட்டுமா அக்கா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப வேணாம்" என்றது. "மாசியில வா."